சரியான கடவுச்சொல்லும் திறக்காத திரையும்

விரல்களுக்கே மனப்பாடமாகிவிட்ட கடவுச்சொல். ஒரு நாள் காலை அதையே தட்டுகிறோம். திரை திறக்க மறுக்கிறது. நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிப் பார்க்கிறோம். மறுபடியும் மறுப்பு. லினக்ஸ் கணினியில் இந்த நிலைக்கு ஆளாகிறவர்கள் பலர் மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுகிறார்கள். அதுவும் பலிக்காவிட்டால் வட்டையே அழித்து முதலிலிருந்து நிறுவுகிறார்கள். இரண்டுமே வீண் இழப்பு என்பது என் உறுதியான கருத்து. பூட்டிய திரைக்குப் பின்னால் சேமிக்காத ஆவணமும் ஓடிக்கொண்டிருக்கும் கணக்கீடும் பாதி எழுதிய கடிதமும் உயிரோடுதான் இருக்கின்றன. உள்ளே விட மறுப்பது யார் என்று தெரிந்துவிட்டால், பெரும்பாலான நேரங்களில் அவற்றை அப்படியே மீட்டுவிடலாம்.

யார் என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. வெளியிலிருந்து பார்க்க ஒரே பூட்டாகத் தெரிந்தாலும் உள்ளே மூன்று பேர் வேலை செய்கிறார்கள். திரையை மறைத்து நிற்கும் நிரல் ஒன்று. அதைத் திரைச்சீலை என்று வைத்துக்கொள்வோம். கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது பாம் என்னும் அமைப்பு, அது வாயிற்காவலர். யார், எப்போது, எந்தத் திரை வழியாக உள்ளே வந்தார் என்று பேரேடு எழுதுவது மூன்றாவது. இன்றைய பெரும்பாலான லினக்ஸ் பதிப்புகளில் அது சிஸ்டம்டி குடும்பத்தின் லாகின்ட். இவை தனித்தனி நிரல்கள். வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு காலங்களில் எழுதியவை. ஒருவர் சொன்னது இன்னொருவர் காதில் விழாமல் போவதுதான் இந்தச் சிக்கல்களில் பெரும்பகுதி.

அறிகுறியைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். 'கடவுச்சொல் தவறு' என்று திரை வாய்திறந்து சொன்னால் மறுப்பது காவலர். கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டு, திரை ஒரு கணம் இருண்டு, மீண்டும் உள்நுழைவுத் திரையே வந்து நின்றால், காவலர் வழிவிட்டுவிட்டார். உள்ளே அமர்வு, அதாவது நீங்கள் நுழைந்தபின் ஓடும் மேசையும் நிரல்களும், எழுந்து நிற்கவில்லை. எதுவும் சொல்லாமல் கறுப்பாக நின்றால், சுட்டி மட்டும் அசைந்தால், சீலையையோ காட்சி அட்டையின் இயக்கியையோ சந்தேகிக்க வேண்டும்.

எந்த நிலையிலும் முதலில் செய்யவேண்டியது, பக்கத்து வாசல் திறக்கிறதா என்று பார்ப்பது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து மட்டுமே உள்ள ஒரு முனையம் வரும். அங்கே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போக முடிந்தால், கணக்கும் கடவுச்சொல்லும் நலம். கோளாறு வரைகலைப் பக்கத்தில் இருக்கிறது. அங்கும் மறுத்தால் காவலரிடமே சிக்கல். திரும்பி வர எஃப்1, எஃப்2, எஃப்7 மூன்றையும் முயன்று பாருங்கள். க்னோம் என்ற மேசையில் (லினக்ஸின் வரைகலை முகப்புகளில் ஒன்று) வழக்கமாக உள்நுழைவுத் திரை முதலாவதிலும் உங்கள் அமர்வு இரண்டாவதிலும் இருக்கும். பழைய அமைப்புகளில் ஏழாவதில் இருக்கும்.

சீலை விழும் விதம்

எக்ஸ்11 என்ற காட்சி அமைப்பு 1987-இல் எம்ஐடியில் வெளியானது. திரைப்பூட்டு என்ற கருத்துக்கு அதில் தனி இடமே இல்லை. பூட்டு நிரலும் மற்ற நிரல்களைப் போல ஒரு சாதாரணச் சாளரம்தான்: திரை முழுவதையும் மறைக்கும் அளவுக்குத் தன்னை விரித்துக்கொள்ளும், விசைப்பலகையையும் சுட்டியையும் தன் பிடிக்குள் எடுத்துக்கொள்ளும். இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. வேறொரு நிரல் அந்த நேரத்தில் விசைப்பலகையைப் பிடித்து வைத்திருந்தால் பூட்டு விழாது. ஒரு பட்டியலை விரித்தபடியே விட்டுவிட்டு எழுந்து போனவர்கள், திரும்பி வந்தபோது கணினி பூட்டப்படாமலே கிடந்ததைப் பார்த்திருப்பார்கள், காரணம் இதுதான். இரண்டாவது விளைவு இன்னும் மோசம்: பூட்டு நிரல் நொறுங்கினால் சீலை கழன்று விழுகிறது, மேசை அப்படியே திறந்துகொள்கிறது.

இது கற்பனையான அச்சம் அல்ல. 2012 ஜனவரியில், எக்ஸ்11-ஐ இயக்கும் நிரலான எக்ஸ் சேவையகத்தின் 1.11 பதிப்பில் கண்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு எண்பலகையின் பெருக்கல் குறியை அழுத்தினால் பூட்டு நிரலின் பிடி அறுந்துபோவது தெரியவந்தது. நிரலாளர்கள் பிழை தேடுவதற்கென்று வைத்திருந்த வசதி, எல்லோர் கணினியிலும் திறந்தே கிடந்தது. 2021 ஜனவரியில் லினக்ஸ் மின்ட் பயனர் ஒருவரின் குழந்தைகள் மேசையின் விசைப்பலகையையும் திரையில் தெரிந்த விசைப்பலகையையும் ஒரே நேரத்தில் கண்டபடி தட்ட, பூட்டு நிரல் நொறுங்கித் திரை திறந்துகொண்டது. ஆராய்ந்ததில், திரை விசைப்பலகையில் ஆங்கில 'இ' எழுத்தின் மேற்கோடிட்ட வடிவத்தைத் தொட்டால் அந்த விசைப்பலகைக்கான நிரல் நூலகம் விழுந்துவிடுகிறது என்பது கண்டறியப்பட்டது. எக்ஸ் சேவையகத்தில் வேறொரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்த திருத்தம்தான் இந்த ஓட்டையை வெளியே கொண்டுவந்தது. 1992 முதல் எக்ஸ்ஸ்கிரீன்சேவர் நிரலைப் பேணிவரும் ஜேமி சவின்ஸ்கி, பூட்டு நிரலுக்குள் அலங்காரங்களைச் சேர்க்காதீர்கள் என்று ஆண்டுக்கணக்கில் எச்சரித்து வந்தவர். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பூட்டுக்குள் எவ்வளவு குறைவாக நிரல் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

2008-இல் தொடங்கிய வேலண்ட் என்ற புதிய காட்சி அமைப்பு இந்த அடித்தளத்தையே மாற்றியது. அங்கே திரையை வரைபவரே பூட்டையும் அறிவார். 2022-இல் சேர்ந்த அமர்வுப் பூட்டு நெறிமுறையின்படி, பூட்டு நிரல் செத்தாலும் திரை மூடியே இருக்க வேண்டும். பாதுகாப்புக்கு இது சரியான முடிவு. ஆனால் சிக்கலின் முகம் தலைகீழாகிவிடுகிறது. முன்பு நொறுங்கினால் எல்லோருக்கும் திறந்தது. இப்போது நொறுங்கினால் சொந்தக்காரருக்கும் திறப்பதில்லை. வேலண்டில் இயங்கும் ஸ்வே மேசையில் பூட்டு நிரல் விழுந்துவிட்டால் வெறும் சிவப்புத் திரை நிற்கும். பலர் அங்கேதான் மின்பொத்தானைத் தேடுகிறார்கள். தேவையில்லை. பக்கத்து முனையத்திலிருந்து, வேலண்ட் காட்சிப் பெயரைச் சூழல் மாறியில் கொடுத்து, அதே பூட்டு நிரலை மறுபடி இயக்கினால் அது பொறுப்பேற்றுக்கொண்டு கடவுச்சொல் கேட்கும்.

கேடிஇ என்ற மற்றொரு மேசை இந்த இடத்தில் பயனருக்கு உண்மையாகவே உதவுகிறது. அங்கே கடவுச்சொல் கேட்கும் பகுதி தனி நிரல். அது விழுந்து மறுபடி எழாவிட்டால், பூட்டு பழுதாகிவிட்டது, இன்னொரு முனையத்துக்குப் போய் இந்தக் கட்டளையைக் கொடுங்கள் என்று திரையிலேயே எழுதிக் காட்டுகிறது. அந்தக் கட்டளை லாகின்சிடிஎல். அதோடு 'லிஸ்ட்-செஷன்ஸ்' சேர்த்தால் நடப்பிலுள்ள அமர்வுகளின் எண்கள் வரிசையாக வரும். உங்கள் பெயரும் இருக்கை எண்ணும் (இருக்கை என்பது ஒரு திரையும் விசைப்பலகையும் சேர்ந்த தொகுதி) உள்ள வரியைப் பார்த்து, 'அன்லாக்-செஷன்' என்பதோடு அந்த எண்ணைக் கொடுத்தால் பூட்டு விலகும். பேரேட்டுக்காரர் தானாகப் பூட்டைத் திறப்பதில்லை. திறந்துவிடு என்று செய்தி அனுப்புகிறார், அவ்வளவுதான். அந்தச் செய்திக்குச் செவிகொடுக்கும்படி எழுதப்பட்ட பூட்டு நிரல்கள் திறக்கும். ஐ3லாக் போன்ற எளிய நிரல்கள் அதைக் கேட்பதே இல்லை. எக்ஸ்11-இல் அந்த நிரலை முனையத்திலிருந்து நிறுத்திவிடுவதுதான் வழி.

காவலர் மறுக்கும்போது

பாம் என்பது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1995-இல் முன்வைத்த யோசனை. ஒவ்வொரு நிரலும் தானே கடவுச்சொல்லைச் சரிபார்க்கத் தேவையில்லை, அதைப் பொதுவான கூறுகளிடம் விட்டுவிடலாம் என்பது அதன் சாரம். ஈடிசி கோப்புறைக்குள் பாம்.டி என்றொரு கோப்புறை இருக்கிறது. உள்நுழைவுத் திரைக்கு ஒன்று, நிர்வாகி உரிமையோடு கட்டளையை இயக்கும் சூடோவுக்கு ஒன்று, பூட்டு நிரலுக்கு ஒன்று எனத் தனித்தனிக் கோப்புகள் அதில் இருக்கும். உள்நுழைவில் ஏற்கப்படும் அதே கடவுச்சொல் பூட்டுத் திரையில் மறுக்கப்படுவது எப்படி என்ற குழப்பத்துக்கு விடை இங்கே இருக்கிறது: இரண்டு இடத்திலும் கேள்வி கேட்பவர் ஒருவரே, ஆனால் கையில் இருக்கும் விதித்தாள் வேறு. பூட்டு நிரலை மூலநிரலிலிருந்து நாமே தொகுத்து நிறுவும்போது அதற்குரிய விதித்தாள் பாம்.டி கோப்புறைக்குப் போய்ச்சேராமல் போவதுண்டு. அப்போது 'மற்றவை' என்ற பொதுத் தாள் நடைமுறைக்கு வரும். பல அமைப்புகளில் அது எல்லோரையும் மறுக்கும்படியே எழுதப்பட்டிருக்கும்.

இன்னொரு காரணம் நுட்பமானது. கடவுச்சொல்லின் மறைகுறி வடிவம் ஷேடோ என்ற கோப்பில் இருக்கிறது. சாதாரணப் பயனரால் அதைப் படிக்க முடியாது. உள்நுழைவுத் திரை ரூட் எனப்படும் நிர்வாகி உரிமையோடு இயங்குவதால் நேரே படித்துவிடுகிறது. ஸ்வேலாக், ஐ3லாக், கேடிஇ பூட்டு போன்றவை உங்கள் பெயரிலேயே இயங்குகின்றன. அவற்றுக்காகக் கோப்பைப் படித்துச் சரிபார்த்துச் சொல்ல ஒரு சின்ன உதவி நிரல் உண்டு. அதற்கு மட்டும் சிறப்பு உரிமை கொடுக்கப்பட்டிருக்கும். காப்புப்பிரதியிலிருந்து கோப்புகளை மீட்கும்போதோ, உரிமைகளை மொத்தமாக மாற்றும் கட்டளையைத் தவறான கோப்புறையில் இயக்கிவிடும்போதோ அந்தச் சிறப்பு உரிமை உதிர்ந்துபோகும். அதன்பிறகு உள்ளே வர முடியும். பூட்டிவிட்டால் திறக்க முடியாது. க்னோமில் இது நேர்வதில்லை, ஏனென்றால் அதன் பூட்டு, உள்நுழைவு மேலாளரான ஜிடிஎம் வழியாகவே சரிபார்க்கிறது. அதே காரணத்தால், ஜிடிஎம் இல்லாமல் வேறு மேலாளரை வைத்து க்னோமை இயக்கினால் அதன் பூட்டுத் திரையே வேலை செய்யாது.

அடிக்கடி நேர்வதும் குறைவாக அறியப்பட்டதும் ஃபெயில்லாக் என்ற கூறு. இயல்பான அமைப்பில், 15 நிமிடங்களுக்குள் 3 முறை தவறாகத் தட்டினால் 10 நிமிடங்களுக்குக் கணக்கை முடக்கிவைக்கும். ஆர்ச் லினக்ஸ் என்ற பதிப்பில் இது இயல்பாகவே இயங்குகிறது. அந்தப் பத்து நிமிடங்களில் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் மறுப்புத்தான். பல பூட்டுத் திரைகள் காரணத்தையும் சொல்வதில்லை. நிலையைச் சொல்லாமல் மறுப்பது பயனருக்கு இழைக்கும் அநியாயம் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் மனிதர் தன் நினைவையே சந்தேகிக்கத் தொடங்கிவிடுகிறார். இந்தக் கணக்கு ரன் கோப்புறைக்குள் எழுதப்படுகிறது. அந்தக் கோப்புறை நினைவகத்தில் மட்டுமே வாழ்வது. கணினியை மறுபடி தொடங்கினால் அழிந்துவிடும். மறுதொடக்கம் செய்தேன், சரியாகிவிட்டது என்று பலர் சொல்வதன் பின்னணி இதுதான். காத்திருந்தாலே போதும். அவசரமென்றால் ரூட் உரிமையோடு ஃபெயில்லாக் கட்டளையில் பயனர் பெயரைக் குறிப்பிட்டு 'ரீசெட்' கொடுக்கலாம்.

மேம்படுத்தல்களும் காவலரைக் குழப்பும். 2020-இல் பாம் தொகுப்பு, தவறான முயற்சிகளை எண்ணிவந்த பழைய டேலி கூறுகளைக் கைவிட்டபோது, விதித்தாளில் அவற்றின் பெயரை விட்டுவைத்திருந்த ஆர்ச் பயனர்கள் எந்த வாசல் வழியாகவும் உள்ளே போக முடியாத நிலைக்கு ஆளானார்கள். இல்லாத கூறைக் கூப்பிட்டால் காவலர் மறுத்துவிடுவார். பாம்.டி கோப்புகளைத் தொடும் எவரும் மற்றொரு முனையத்தில் ரூட்டாக உள்நுழைந்தபடி வைத்துக்கொண்டு, இன்னொன்றில் சோதித்துப் பார்த்த பிறகே அதை மூட வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்கவேண்டிய எளிய காரணம் ஒன்று: விசைப்பலகைத் தளவமைப்பு. தமிழும் ஆங்கிலமும் மாறி மாறித் தட்டச்சு செய்கிறவர்கள் தமிழில் இருக்கும்போதே திரை பூட்டிக்கொண்டால், சில மேசைகளில் பூட்டுத் திரையும் தமிழ்த் தளவமைப்பிலேயே நிற்கும். புள்ளிகள் மட்டும் தெரிவதால் கண்ணுக்கு எதுவும் புலப்படாது. கடவுச்சொல்லில் எண்கள் இருந்து, அவற்றை எண்பலகையில் தட்டும் பழக்கமும் இருந்தால் எண்பூட்டு விசையையும் பாருங்கள்.

ஏற்றுக்கொண்டு திருப்பி அனுப்பும் திரை

உள்நுழைவுச் சுழலில் நானே ஒரு முறை சிக்கினேன். கடவுச்சொல்லைத் தட்டினேன், புள்ளிகள் வரிசையாக விழுந்தன, திரை கறுத்தது, கறுப்பின் நடுவில் சுட்டி மட்டும் ஒரு விநாடி தோன்றியது, பிறகு அதே உள்நுழைவுத் திரை, காலியான அதே பெட்டி. நான்கைந்து முறை இப்படி. தவறு என்று ஒரு சொல்கூட இல்லை என்பதை நான்காவது முறைதான் கவனித்தேன். வேண்டுமென்றே தவறான கடவுச்சொல் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு விநாடி தாமதித்து, தவறு என்று சொன்னது. ஆக, என் கடவுச்சொல்லில் பழுதில்லை. எழுத்து முனையத்துக்குப் போய் உள்நுழைந்து, வட்டின் நிலையைச் சொல்லும் டிஎஃப் கட்டளையைக் கொடுத்தேன். என் சொந்தக் கோப்புகள் உள்ள வீட்டுக் கோப்புறை இருந்த வட்டுப் பகுதியின் எதிரே நூறு சதவீதம் என்று நின்றது. முந்தைய இரவு ஓடவிட்டிருந்த நிரல் ஒன்று ஒரே பிழைச் செய்தியை விடிய விடியப் பதிவுக்கோப்பில் எழுதித் தள்ளியிருந்தது. அந்தக் கோப்பைக் காலிசெய்து, திரும்பி வந்து கடவுச்சொல்லைத் தட்டியதும் மேசை வழக்கம்போலத் திறந்தது.

வட்டு நிறைந்தால் அமர்வு ஏன் எழாது? வரைகலை அமர்வு தொடங்கும்போது வீட்டுக் கோப்புறையில் சில சிறு கோப்புகளை எழுதியாக வேண்டும். அதற்கு இடமில்லையென்றால் தொடக்க நிரல் பின்வாங்கிவிடும். அமர்வு முடிந்தது என்று எண்ணி மேலாளர் உள்நுழைவுத் திரையைக் காட்டும். எழுத்து முனையத்துக்கு அப்படி எதையும் எழுதும் கட்டாயம் இல்லை. மேலும், இஎக்ஸ்டி4 கோப்பமைப்பு உருவாகும்போது இயல்பாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கிவைக்கிறது. அதனால் பயனருக்கு ஒரு பைட்டுகூட இல்லாத நேரத்திலும் அமைப்புச் சேவைகள் எந்தக் குறையும் காட்டாமல் ஓடிக்கொண்டிருக்கும். இடம் மிச்சம் இருந்தும் எழுத முடியவில்லையென்றால் ஐநோடுகள் (கோப்பு ஒவ்வொன்றுக்கும் வட்டில் வைக்கப்படும் குறிப்புகள்) தீர்ந்திருக்கலாம். டிஎஃப் கட்டளையோடு 'ஐ' விருப்பத்தைச் சேர்த்தால் தெரிந்துவிடும்.

வட்டு நிறையவில்லையென்றால் அடுத்துப் பார்க்கவேண்டியது கோப்புகளின் உரிமை. வரைகலை நிரல் ஒன்றைச் சூடோ போட்டு இயக்கும் பழக்கம் உள்ளவர்களின் வீட்டுக் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் எக்ஸ்ஆத்தாரிட்டி கோப்பு ரூட் பெயருக்கு மாறிவிடக்கூடும். மறுமுறை உங்கள் பெயரில் வரும் அமர்வுக்கு அதைத் திருத்த உரிமை இருக்காது. டெம்ப் கோப்புறையின் உரிமை 1777 என்பதிலிருந்து மாறியிருந்தாலும் இதே சுழல்தான். தொடக்கத்தில் படிக்கப்படும் புரொஃபைல் கோப்பில் 'எக்ஸிட்' என்ற ஒரு சொல் தவறிப்போய் நுழைந்திருந்தால், சில மேசைகளில் அமர்வு அந்த வரியிலேயே முடிந்துவிடும்.

காரணங்களின் பட்டியல் நீளும். அத்தனையையும் வரிசையாகச் சோதிப்பதைவிட, புதிய பயனர் ஒருவரை உருவாக்கி அந்தப் பெயரில் நுழைந்து பார்ப்பது மேல். புதியவருக்குத் திறந்தால் பழுது உங்கள் வீட்டுக் கோப்புறையில். அவரும் திருப்பி அனுப்பப்பட்டால் பழுது அமைப்பில், பெரும்பாலும் லினக்ஸின் மையப் பகுதியான கருநிரல் மேம்படுத்தலுக்குப் பின் பொருந்தாமல் போன காட்சி இயக்கியில். ஒரே சோதனையில் தேடவேண்டிய பரப்பு பாதியாகிவிடுகிறது. ஜர்னல்சிடிஎல் கட்டளையை 'பி' விருப்பத்தோடு கொடுத்தால் இந்தத் தொடக்கத்திலிருந்து நடந்த எல்லாம் வரும். நீங்கள் கடவுச்சொல்லைத் தட்டிய நிமிடத்தின் வரிகளை மட்டும் படியுங்கள். முழுவதையும் படித்தால் தொடர்பில்லாத எச்சரிக்கைகள் மிரட்டும்.

உறக்கம், சாவிக்கொத்து

மடிக்கணினியைத் திறந்தவுடன் பூட்டுத் திரை வருவதற்கு முன்னால் மேசை ஒரு கணம் தெரிந்து மறைவது பலரும் பார்த்திருக்கும் காட்சி. உறங்கப்போகும் முன் பூட்டு நிரல் தயாராவதற்கு லாகின்ட் கொஞ்சம் அவகாசம் தருகிறது. இயல்பாக அது 5 விநாடி. அதற்குள் சீலையை வரைந்து முடிக்காத நிரல், விழித்த பிறகுதான் வரைந்து முடிக்கும். எக்ஸ்11-இல் பூட்டு நிரலைத் தனியாகப் பொருத்திக்கொள்பவர்கள் எக்ஸ்எஸ்எஸ்-லாக் என்ற நிரல் வழியாக, உறக்கத்தைத் தாமதப்படுத்தும் பிடியை அந்தப் பூட்டு நிரலிடமே ஒப்படைத்தால் இது நிற்கும். திரை தானாகப் பூட்டிக்கொள்ளவே இல்லையென்றால், ஏதோ ஒரு நிரல் தடைவிதித்திருக்கிறது என்று பொருள். சிஸ்டம்டி-இன்ஹிபிட் கட்டளை 'லிஸ்ட்' விருப்பத்தோடு அந்தப் பெயர்களில் பலவற்றைக் காட்டிவிடும். பெரும்பாலும் ஓடிமுடிந்த காணொளியை மூடாமல் விட்ட உலாவிதான்.

உள்ளே வந்த பிறகு சாவிக்கொத்தை, அதாவது சேமித்த கடவுச்சொற்களின் பெட்டகத்தை, திறக்க மறுபடியும் கடவுச்சொல் கேட்கிறது என்ற குறை வேறு வகை. க்னோமின் சாவிக்கொத்து உங்கள் உள்நுழைவுக் கடவுச்சொல்லாலேயே பூட்டப்பட்டிருக்கிறது. விரல்ரேகையாலோ தானியங்கி உள்நுழைவாலோ வந்தால் அந்தச் சொல் அதன் கைக்குப் போவதில்லை. ரூட் உரிமையோடு ஒருவர் உங்கள் கடவுச்சொல்லை மாற்றினாலும், பழைய சொல் தெரியாததால் சாவிக்கொத்து பழைய பூட்டிலேயே நின்றுவிடும். பழைய சொல் நினைவிருந்தால் சாவி மேலாண்மை நிரலில் அதைக் கொடுத்துப் புதியதற்கு மாற்றலாம். நினைவில்லையென்றால் அந்தக் கொத்தில் இருந்தவை போனவைதான்.

எல்லாம் முயன்றும் திரையும் முனையமும் அசையவில்லையென்றால், வலையமைப்பு வழியே இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் மூலம் நுழைய முடிகிறதா என்று பாருங்கள். திரை உறைந்த கணினிகள் பல அந்த வழியில் ஒழுங்காகப் பதில் சொல்கின்றன. அதுவும் இல்லாதபோது மின்பொத்தானுக்கு முன் ஆல்ட் விசையோடு சிஸ்ஆர்க்யூ விசையைப் பிடித்துக்கொண்டு 'எஸ்' எழுத்தை அழுத்துங்கள். பல விசைப்பலகைகளில் அது பிரிண்ட் ஸ்கிரீன் விசைதான். எழுதக் காத்திருக்கும் தரவை வட்டுக்கு அனுப்பும்படி கருநிரலுக்கு இடும் ஆணை அது. மற்ற அவசர விசைகளை அடைத்துவைக்கும் அமைப்புகளில் பலவும் இதை மட்டும் திறந்தே வைத்திருக்கின்றன. நிரல்கள் கருநிரலிடம் ஏற்கெனவே ஒப்படைத்தவை அதனால் வட்டுக்குப் போய்ச்சேரும். உரை எழுதும் நிரலில் நீங்கள் சேமிக்காமல் விட்ட வரிகள் சேராது.